கணவாய் ஓடா, பிளாஸ்டிக் பையா?

வீட்டில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் தனுஷ்கோடியில் எடுத்தது. எனக்கு ஏழோ எட்டோ வயது. அப்போது அரிச்சல்முனை வரைக்கும் ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, மணலில் ஓடும் வேனில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். இடிந்த சர்ச்சுக்குப் பின்னால் கரையில் நான் நிற்கிறேன். அப்பா எடுத்த படம்.

போன வருஷம் அதை ஸ்கேன் பண்ணி, பெரிதாக்கிப் பார்த்தேன். காரணம் ஒரு சின்ன வாக்குவாதம். "நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்தக் கடற்கரை எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா" என்று என் மகளிடம் சொன்னேன். "எப்படித் தெரியும்? எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். சாஃப்ட்வேர்காரன் வீட்டில் வளர்கிற பிள்ளை, டேட்டா கேட்கத்தான் செய்யும்.

போட்டோவில் என் காலுக்குப் பின்னால், அலை வந்து போன கோட்டில், வெள்ளையாக ஏதோ ஒன்று கிடக்கிறது. கணவாய் ஓடாக இருக்கலாம். கேரி பேக்காகவும் இருக்கலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளியாக உடைகிறதே தவிரத் தெரியவில்லை. அந்த வெள்ளைப் புள்ளியில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. நம் ராமநாதபுரம் கரைக்கு பிளாஸ்டிக் எப்போது வந்தது? யார் எழுதி வைத்தார்கள்?

எல்லாம் எழுதி வைத்த கரை

முதலில் நான் நினைத்தது, இங்கே பழைய பதிவுகளே இருக்காது என்று. தேடத் தேட நேர்மாறாக இருந்தது. கடலில் என்ன இருக்கிறது என்று இந்தியாவில் மிக முன்னதாக எழுதப்பட்ட கரைகளில் ஒன்று நம்முடையது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-இல் வந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். அதற்கு வெகு முன்பே, 1887-இல், ராமேஸ்வரம் மற்றும் அக்கம்பக்கத் தீவுகளின் கடல் உயிரினங்கள் பற்றி ஒரு முதல்நிலை அறிக்கை கொடுத்திருக்கிறார். 1890-இல் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு பற்றி இன்னொன்று. பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கிற குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களுக்கென்றே 1927-இல் அருங்காட்சியகம் ஒரு தனி வெளியீடு கொண்டுவந்தது. மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் சங்கு, முத்து, படகு, வலை என்று ஒன்று விடாமல் எழுதினார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் சென்னையில் தொடங்கி, 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை தலைமையகம் மண்டபம்தான். பவளங்களை இனம் பிரித்து எழுதிய கோபிநாத பிள்ளை போன்றவர்கள் இங்கே வேலை பார்த்தவர்கள். 1986-இல் தமிழ்நாடு அரசு 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை அறிவித்தது. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

பஞ்சுயிரி, நட்சத்திரமீன், கடல்பாசி, அட்டை, பவளம் எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. குப்பைக்கு?

நான் தேடிய வரையில், ராமேஸ்வரம் தீவின் கரைகளில் கிடக்கும் பிளாஸ்டிக் துண்டுகளையும் நுண்பிளாஸ்டிக்கையும் அளந்து 'முதல் அறிக்கை' என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு வந்த ஆய்வுக் கட்டுரை 2018-இல்தான் வருகிறது. வித்யாசாகர் மற்றும் குழுவினர் எழுதியது. தர்ஸ்டனின் முதல் அறிக்கைக்கும் இந்த முதல் அறிக்கைக்கும் நடுவில் 131 வருஷம். இதில் பிந்தைய அறுபது வருஷமாவது கடலில் பிளாஸ்டிக் சேர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

கவனிக்காமல் வந்த விருந்தாளி

எப்படி வந்தது என்று யோசித்தால் மூன்று வழி தெரிகிறது.

முதலாவது வலை. ஹார்னல் பார்த்த வலைகள் பருத்தி நூல், சணல் நூல் வலைகள். மரப்பட்டை வேகவைத்த துவர்ச்சாற்றில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். மிதவை லேசான மரக்கட்டை, கரைவலைக் கயிறு தேங்காய் நார். அறுந்து கடலோடு போனால் கொஞ்ச நாளில் மக்கிவிடும். 1950-களில் கேரளத்தில் இந்தோ-நார்வே திட்டமும், 1957-இல் கொச்சியில் வந்த மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமும் இயந்திரப் படகையும் செயற்கை இழை வலையையும் பரப்பின. நைலான் வந்தது மீனவருக்கு நிஜமாகவே பெரிய நிம்மதி. துவர் போட வேண்டாம், தினமும் காயப்போட வேண்டாம், எடை குறைவு, மீன் அதிகம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அறுந்த வலை அதற்குப் பிறகு மக்கவில்லை.

இரண்டாவது சாஷே. இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு. 1970-களில் கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்றார். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் தனியாகத் தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்பூவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க முடியாதவருக்கு ஒரு தலைக்குளியலை விற்ற யோசனை அது. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். காலி உறையை என்ன செய்வது என்பதற்கு மட்டும் யாரும் யோசனை சொல்லவில்லை.

மூன்றாவது தண்ணீர் பாட்டில். இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆளில்லாத குளிர்க்கரையில் ஒரு மனிதர்

சரி, வேறெங்காவது யாராவது ஆரம்பத்திலிருந்தே எண்ணினார்களா? எண்ணினார்கள். நாம் நினைக்கவே மாட்டோம், எங்கே என்று.

அலாஸ்காவின் மேற்கு வாலில், அலூஷியன் தீவுகளில் அம்சிட்கா என்று ஒரு தீவு. 1965, 1969, 1971 என்று மூன்று முறை அமெரிக்கா அங்கே நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அந்த அளவுக்கு ஆளில்லாத இடம். அங்கே தியடோர் மெரல் என்ற மீன்வள ஆய்வாளர் 1972-இல் கரையில் ஒதுங்கியிருந்த பிளாஸ்டிக்கை எண்ணி எடை போட்டார். 1974-இல் அதே கரைகளுக்குத் திரும்பப் போனார். இரண்டே வருஷத்தில் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. பெரும்பகுதி இழுவலைத் துண்டு, மிதவை, கயிறு. குடியிருப்பு இல்லாத தீவு, ஆகவே வந்தது எல்லாம் கடல்வழி. அவருடைய எளிமையான முடிவு அதுதான்: மீன்பிடிக் கப்பல்களைப் பாருங்கள்.

குளிர்ப் பிரதேசத்துத் தனிக்கரைகள் இதற்கு ஏன் தோதான இடம் என்பது இதில் தெரிகிறது. அங்கே குப்பை போட ஆளில்லை, பொறுக்கவும் ஆளில்லை. புரோகிராமில் ஒரு தவறைத் தேடும்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓடவிடுவோம் இல்லையா, அந்த மாதிரி.

இதற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகவே மாறியது. அண்டார்டிக் கடல் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஆணையம் 1989 முதல் தெற்குத் தீவுகளில் கரைக்குப்பையைப் பதிய ஆரம்பித்தது. சவுத் ஜார்ஜியா பக்கத்தில் பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை சீல்களின் கழுத்தில் வளையமாக மாட்டி, சீல் வளர வளரச் சதையை அறுத்தது. எத்தனை சீல், எந்தப் பட்டை என்று வருஷா வருஷம் எண்ணியதால்தான் இரைப்பெட்டிகளுக்கு அந்தப் பட்டையைத் தடை செய்கிற விதி வந்தது. ஐரோப்பாவின் வடமேற்குக் கடல் நாடுகள் 'ஆஸ்பார்' உடன்படிக்கையின் கீழ் 2001 முதல் ஒரே முறையில் எண்ணுகின்றன: ஒரு கரையில் குறித்த 100 மீட்டர், வருஷத்துக்கு நான்கு தடவை, ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக. வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டில், கப்பலில் சுற்றுலா வந்தவர்களையே வைத்து 2016 முதல் 2021 வரை பொறுக்கி எண்ணினார்கள். சுமார் 23,000 துண்டு, 1,620 கிலோ.

எனக்கு ரொம்பப் பிடித்தது தென் அட்லாண்டிக்கில் நடந்தது. அந்தத் தீவின் பெயரே 'எட்ட முடியாத தீவு' என்று அர்த்தம் தரும். பீட்டர் ரயன் குழுவினர் அங்கே ஒதுங்கிய பாட்டில்களின் அடியில் இருக்கிற நாட்டு முத்திரையையும் தேதியையும் படித்தார்கள். எண்பதுகளில் மூன்றில் இரண்டு பங்கு தென் அமெரிக்காவிலிருந்து மிதந்து வந்தவை. 2018-இல் நான்கில் மூன்று பங்கு ஆசியப் பாட்டில், அதிலும் சீனாவுடையது அதிகம். ஆசியாவிலிருந்து அத்தனை தூரம் மிதந்து வர வருஷக்கணக்கில் ஆகும், பாட்டில்களோ புதுசு. அப்படியானால் போகிற வழியில் கப்பல்களிலிருந்து எறிந்தவை. குப்பையை வைத்தே ஒரு வழக்கை முடித்துவிட்டார்கள்.

நம் பக்கம் வந்தால்

1986-இல் மன்னார் வளைகுடாப் பூங்கா அறிவிக்கப்பட்டதைச் சொன்னேன். அதே வருஷம் அமெரிக்காவின் டெக்சாஸில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் ஒரு கடற்கரைச் சுத்தப் பணிக்கு ஏற்பாடு செய்தார்கள். வந்தவர்கள் கையில் சாக்கோடு ஒரு அட்டையும் கொடுத்தார்கள், எடுத்ததையெல்லாம் குறித்துக்கொள்ள. இன்று உலகம் முழுக்கச் செப்டம்பரில் நடக்கிற கடற்கரைச் சுத்த நாள் அதிலிருந்து வந்ததுதான். நம் ஊருக்கு அந்தச் சாக்கு வந்து சேர்ந்தது. அட்டை பாதி இடத்தில் வரவில்லை. "இத்தனை டன் அகற்றினோம்" என்று செய்தி வரும். டன்னில் ஈர மணல் எவ்வளவு, ஒரு பெரிய வலை எவ்வளவு, ஆயிரம் சாஷே எவ்வளவு? லாக் ஃபைலைப் படிக்காமல் அழித்துவிட்டு, இத்தனை எம்பி அழித்தேன் என்று சொல்வது போலத்தான்.

யாருமே எண்ணவில்லை என்று சொன்னால் அது அநியாயம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியா முழுக்க 254 கடற்கரைகளில் குப்பையை அளந்தார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தின் முக்குளிப்பாளர்கள் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் சிக்கிய குப்பையைக் கடலுக்கடியில் போய் எண்ணினார்கள். அதில் முதலிடம் கைவிட்ட வலைகளுக்கு. 2022-இல் மத்திய அரசு 75 நாளில் 75 கடற்கரை என்று ஓர் இயக்கம் நடத்தியது. எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு போட்டோ. எனக்குத் தேவை வீடியோ: அதே இடம், அதே முறை, வருஷா வருஷம்.

இது இல்லாததால் என்ன நஷ்டம்? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2022 ஜூலையில் நாடு முழுக்கத் தடை. தடையால் ராமேஸ்வரம் கரையில் ஏதாவது குறைந்ததா? குறையவே இல்லை என்று ஒருவர் சொல்கிறார், நன்றாகக் குறைந்தது என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டு பேரிடமும் 2018-இன் கணக்கும் இல்லை, 2020-இன் கணக்கும் இல்லை.

இன்னொன்று. 2021-இல் கொழும்புக்குப் பக்கத்தில் 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கொட்டியது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே 'எம்எஸ்சி எல்சா 3' மூழ்கி, குருணைகள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. நாளைக்கு இப்படி ஒன்று பாம்பனுக்குப் பக்கத்தில் நடந்தால், கப்பல் கம்பெனி வக்கீல் கேட்கிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: இதற்கு முன்னால் உங்கள் கரையில் எவ்வளவு குருணை இருந்தது? பதில் சொல்ல நம்மிடம் ஏடு வேண்டும்.

வாடைக்கு ஒரு கணக்கு, கச்சானுக்கு ஒரு கணக்கு

ஒரு லீவு நாளில் டேப்பும் நோட்டுமாகக் கிளம்பிவிட்டேன். தங்கச்சிமடத்துப் பக்கம் வடகரையில் 100 மீட்டர் அளந்து, கொடிக்கம்பு நட்டு, குனிந்து எண்ண ஆரம்பித்தேன். கொஞ்ச தூரத்தில் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஏதும் தொலைச்சுப்புட்டியளா?"

"இல்லண்ணே, குப்பையை எண்ணுறேன்."

அவர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார். "தேதி போட்டிருக்கீக. காத்து போடலையே?" என்றார். புரியாமல் நின்றேன். "வாடையில ஒதுங்குறது வேற, கச்சான்ல ஒதுங்குறது வேற. இது பெண்கடல், அந்தப் பக்கம் ஆண்கடல். வாடை அடிச்சா குப்பை இந்தக் கரைக்கு. கச்சானுக்கு அந்தக் கரைக்கு. ரெண்டையும் ஒண்ணா கூட்டுனா கணக்கு தப்புல்ல?"

ஐரோப்பாவில் வருஷத்துக்கு நாலு தடவை எண்ணுவதற்குக் காரணமும் ஏறக்குறைய இதுதான். அவருக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தீவு ஒன்று, கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் வாடையில் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்குக் காற்றில் கொந்தளிக்கும். எண்ணுவதானால் இரண்டு கரையிலும், இரண்டு காற்றிலும் எண்ண வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் வேறு இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எண்ணினால் வலைக்குப்பையில் எவ்வளவு படகுகளால் என்பதற்கு ஒரு குத்துமதிப்பாவது கிடைக்கும்.

நான் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "எங்களை மட்டும் எழுதிப்புடாதீக தம்பி. வலை அறுந்தா எங்களுக்குத்தான் காசு நட்டம். வேணும்னு எவன் விடுவான்?" அது எனக்குள் தைத்தது. எண்ணுகிறவன் கையில் இருக்கிற நோட்டு ஒருவருக்குக் குற்றப்பத்திரிகை மாதிரி தெரியும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அம்சிட்காவில் கரையோரத்தில் யாரும் உட்கார்ந்து வலை பிரிக்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் கரைக்கே உரிய சிக்கல்கள் இன்னும் உண்டு. தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அரிச்சல்முனையில் சிங்கள எழுத்துப் பாட்டில்கள் கிடைக்கின்றன. நம்முடையது அங்கேயும் ஒதுங்கும், சந்தேகமே வேண்டாம். அக்னி தீர்த்தத்தில் குளித்தவர்கள் விட்டுப்போகிற துணி அதிகம். பாலியஸ்டர் புடவையும் பிளாஸ்டிக்தான் என்பதால் அதற்கும் ஒரு கட்டம் வேண்டும். பழைய பொருள் பொறுக்குபவர்கள் நல்ல பாட்டிலை எடுத்துப் போய்விடுவதால் கணக்கில் பாட்டில் குறைவாகவும் விலைபோகாத சாஷே அதிகமாகவும் தெரியும். இதையெல்லாம் குறித்துக்கொண்டு எண்ணினால் போதும். சிக்கல் இருக்கிறது என்பதற்காக எண்ணாமல் விடக்கூடாது.

உறையைப் படிப்பது எப்படி

பழசு எது, புதுசு எது என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கிற சின்ன வழிகளைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும். உறையில் தேதி அழிந்திருந்தால் விலையைப் பாருங்கள். ₹ குறி இருந்தால் 2010 ஜூலைக்குப் பிந்தையது. உணவு உறையில் சைவப் பச்சைப் புள்ளி 2000-களின் தொடக்கத்தில் கட்டாயமானது. 'எஃப்எஸ்எஸ்ஏஐ' உரிம எண் இருந்தால் 2011-க்குப் பிந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. கேரி பேக்கில் 50 மைக்ரான் என்றோ 75 மைக்ரான் என்றோ அச்சடித்திருந்தால் அதுவும் ஒரு காலக்குறி. குறைந்தபட்சம் 2016-இல் 50 ஆனது, 2021 செப்டம்பர் கடைசியில் 75, 2022 முடிவில் 120.

இது விளையாட்டு இல்லை. இதே மாவட்டத்தில் வைகை முகத்துவாரத்துப் பக்கம் அழகன்குளத்தில் 1986-87-இல் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தபோது செய்ததும் இதுதான். ரோமானியத் தொடர்பு காட்டுகிற உடைந்த ஓடுகள், கப்பல் கீறிய பானைத் துண்டு. அவையும் ஒரு காலத்தில் யாரோ தூக்கியெறிந்த குப்பைதானே. அந்தக் குப்பையிலிருந்துதான் இந்தக் கரை யாரோடு வியாபாரம் செய்தது என்று நமக்குத் தெரிகிறது.

பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று கடலுக்குள். பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். அவை இருந்தன என்பதையே நாம் உறுதியாகச் சொல்ல முடிவது, யாரோ முன்பே அளந்து வரைபடத்தில் போட்டு வைத்ததால்.

இப்போது என் நோட்டில் இரண்டு கரை, ஒவ்வொன்றிலும் 100 மீட்டர் இருக்கிறது. தேதி, காற்று, பொருள், எண்ணிக்கை என்று நான்கு பத்தி. 'காற்று' பத்தி அந்தப் பெரியவர் கொடுத்தது. எண்ணி முடித்த பிறகுதான் சாக்கில் அள்ளுகிறேன். ஒரு வாடையும் ஒரு கச்சானும் மட்டுமே ஆகியிருப்பதால் எண்களை இங்கே போடவில்லை. இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஐந்து வருஷம் ஆகட்டும். மண்டபம், தொண்டி, ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் யாராவது உங்கள் கரையில் ஒரு 100 மீட்டரை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. டேப், நோட்டு, பேனா போதும்.

மகளும் வருகிறாள். ஒவ்வொரு தடவையும் எண்ண ஆரம்பிப்பதற்கு முன்னால் அலைக்கோட்டைப் போட்டோ எடுப்பது அவள் வேலை. பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்து, கிட்டப் போய் எடுக்கிறாள். வெள்ளையாக ஏதாவது கிடந்தால் கையில் எடுத்துப் பார்த்து, 'கணவாய் ஓடு' என்றோ 'பை' என்றோ அன்றைக்கே எழுதிவிடுகிறாள்.